கலைக்கும் கையைக் காணாத ஆட்டம்

பாரதக் கதையிலே தருமன் நாடிழந்தான், தம்பியரையும் தன்னையும் இழந்தான், பாஞ்சாலியையும் இழந்தான். ஆயினும், கவறுருட்டிய சகுனியின் கையை அவன் தன் கண்ணாலே கண்டுகொண்டிருந்தான். இன்று இணையத்தின் வழியே பணம் வைத்துப் போக்கர் எனும் சீட்டாட்டம் ஆடுவோர்க்கு அவ்வாய்ப்பும் இல்லை. சீட்டைக் கலைக்கும் கை எங்கோ தொலைவிலுள்ள கணனியொன்றினுள் மறைந்திருக்கிறது. அக்கையை நம்பியோர் ஏமாந்த வரலாறு, சூதாடாத நமக்கும் ஒரு பாடமாகும்.

போக்கரிலே பரவலாக ஆடப்படும் வகையில், ஒவ்வொருவருக்கும் மறைவாக இரு சீட்டுக்கள் வழங்கப்படும். பொதுவாக ஐந்து சீட்டுக்கள் படிப்படியாகத் திறக்கப்படும். கைச் சீட்டைப் பிறர் அறியாமையே இவ்வாட்டத்தின் உயிர். ஐம்பத்திரண்டு சீட்டுக்களை அடுக்கக்கூடிய வகைகளின் தொகையோ 68 இலக்கங்கள் கொண்ட பேரெண். ஆனால், கணனியின் செய்நிரல் மனிதக் கையைப் போலக் கண்ணை மூடிக்கொண்டு கலைப்பதில்லை. ஏதேனும் ஓர் எண்ணை வித்தாகக் கொண்டு, கணக்கிட்டே அது கலைக்கிறது. வித்தை அறிந்தவன் விளைவு முழுவதையும் அறிவான்.

1999ஆம் ஆண்டிலே நிகழ்ந்தது இதுவே. ஏஎஸ்எஃப் என்னும் மென்பொருள் நிறுவனம், தன் நேர்மையை நிலைநாட்டும் பொருட்டுச் சீட்டுக் கலைக்கும் முறையை வெளியிட்டிருந்தது. அதனை அமெரிக்க ஆய்வாளர் சிலர் ஆராய்ந்தனர். நள்ளிரவிலிருந்து கழிந்த மில்லிசெக்கன்களின் தொகையே வித்தாக இருந்தது. ஒரு நாளில் அவை 8 கோடியே 64 இலட்சம் மட்டுமே. தம் கடிகாரத்தை அந்நிறுவனக் கணனியின் நேரத்தோடு பொருத்தியபோது, ஐயத்துக்குரிய வித்துக்கள் ஏறத்தாழ 2 இலட்சமாகச் சுருங்கின. தம் கையிலுள்ள இரண்டு சீட்டுக்களையும் திறந்த மூன்று சீட்டுக்களையும் கொண்டு அவற்றைச் சோதிக்கவே, எதிராளிகளின் சீட்டுக்கள் யாவும் வெளிப்பட்டன. ஆய்வாளர் அதனைக் கொண்டு பொருளீட்டவில்லை, உலகறியச் சொன்னார்கள். குறை திருத்தப்பட்டது.

அடுத்த கேடு உள்ளிருந்தே வந்தது. 2007இல் அப்சலூட் போக்கர் என்னும் தளத்திலே ஒருவர் வியப்புறும் வகையில் வென்றுவந்தார். தோற்றவர் ஒருவர் ஆட்டப் பதிவைக் கேட்டபோது, எல்லோருடைய மறைவுச் சீட்டுக்களும் அடங்கிய கோப்பைத் தளத்தார் தவறுதலாக அனுப்பிவிட்டனர். ஆட்டக்காரர்கள் அதனை வரி வரியாக ஆராய்ந்தபோது, பிறர் சீட்டைக் கண்டே அவர் ஆடினார் என்பது புலனாயிற்று. முதலில் மறுத்த நிறுவனம் பின்னர் ஒப்புக்கொண்டது. அடுத்த ஆண்டில் அல்டிமேட்பெட் என்னும் தளத்திலும் இத்தகைய மோசடி வெளியாயிற்று. 1994ஆம் ஆண்டின் உலகப் போக்கர் வெற்றியாளரே அதற்கு முதன்மைப் பொறுப்பாளி எனக் கனடாவின் கானவாகே சூதாட்ட ஆணையம் 2008இல் அறிவித்தது. வேலியே பயிரை மேய்ந்த கதை இது.

மூன்றாவது வாயில் ஆட்டக்காரரின் சொந்தக் கணனி. 2013இல் பார்சிலோனா நகரத்து விடுதியிலே தங்கியிருந்த பின்லாந்து நாட்டு ஆட்டக்காரர் ஒருவரின் மடிக்கணனி அறையிலிருந்து மறைந்து, பின்னர் மீண்டும் அங்கேயே காணப்பட்டது. ஐயுற்ற அவர் எஃப்-செக்யூர் நிறுவனத்தாரிடம் அதனைக் கொடுத்தார். அவர் திரையிலே காண்பதனைப் பகைவனும் காணச் செய்யும் திருட்டு மென்பொருள் அதனுள் நிறுவப்பட்டிருந்தமை தெரியவந்தது. பூட்டு எத்துணை வலியதாயினும், அறையினுள்ளே கள்வன் இருந்தால் யாது பயன்?

சூதாடற்க என்பதே முதல் அறிவுரை. வள்ளுவர் அதற்கென ஓர் அதிகாரமே வகுத்தார். அதனை நாம் மீண்டும் விரித்தல் மிகை. எனினும், மாணவர்கள் இங்கே வேறொன்றையும் எண்ணிப் பார்த்தல் வேண்டும். வங்கிக் கணக்கைக் காக்கும் இரகசியக் குறியீடுகளும் இவ்வாறு கணனி பிறப்பிக்கும் எண்களையே நம்பி நிற்கின்றன. ஊகிக்கத்தக்க வித்திலிருந்து அவை பிறந்தால், சீட்டுக்கு நேர்ந்த கதியே சேமிப்புக்கும் நேரும். அயலார் கைபட்ட கணனியிலே கடவுச்சொல்லை இடுபவர், தம் சீட்டைத் திறந்து காட்டி ஆடுபவரே ஆவர்.

இன்னுமொன்று. 1999இல் செய்முறை வெளியே வைக்கப்பட்டிருந்தது. அதனாற் பிழை விரைவிற் பிடிபட்டது. 2007இல் யாவும் மறைவாயிருந்தன. தவறி வந்த ஒரு கோப்பே உண்மையைக் காட்டியது. மறைத்து வைப்பதே பாதுகாப்பு என்று எண்ணுதல் பேதைமை. ஆகவே, பணத்தை எந்தத் தளத்திடமேனும் ஒப்படைக்குமுன் மூன்று வினாக்களை எழுப்புக: கலைப்பவர் யார்? உள்ளிருந்து காணவல்லவர் யார்? அவர்களைக் கண்காணிப்பவர் யார்? தருமன் அவையிலே கேட்கத் தவறிய வினாக்களை நம் பிள்ளைகளேனும் கேட்கட்டும்.