வெயிலைப் பேரிடராக எண்ணுவது எப்படி?

காயல்பட்டினத்தில் 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் 24 மணி நேரத்துக்குள் 95 செ.மீ. மழை கொட்டியது. தூத்துக்குடி மாவட்டம் ஓராண்டு முழுக்கப் பெறும் சராசரி மழையே அவ்வளவு கிடையாது. மேகவெடிப்பா என்று பலரும் கேட்டார்கள். சிறிய பரப்பில் ஒரே மணி நேரத்தில் 10 செ.மீ. பெய்தால்தான் வானிலைத் துறை அப்படிச் சொல்லும். காயல்பட்டினத்தில் பெய்தது, குமரிக்கடல் பக்கம் நிலைகொண்ட காற்றுச் சுழற்சி கொண்டுவந்த விடாமழை. புயலுக்கும் ஓர் எல்லை உண்டு: காற்று மணிக்கு 62 கி.மீ. வேகத்தைத் தொட்ட பிறகே பெயர் சூட்டுவார்கள்.

பேரிடரை அளக்க இந்த அளவுகள் போதாது. 2004 டிசம்பர் 26 அன்று சுமத்ரா அருகே 9.1 அளவில் நிலம் நடுங்கி எழுந்த சுனாமி, நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் 6,000-க்கும் மேற்பட்டோரைக் கொண்டுபோனது. மறு ஆண்டே பேரிடர் மேலாண்மைச் சட்டம் வந்தது. பாதிக்கப்பட்ட மக்களால் தாங்களாகவே சமாளிக்க முடியாத அளவுக்கு உயிருக்கோ உடைமைக்கோ சூழலுக்கோ சேதம் நேர்ந்தால், அது பேரிடர் என்கிறது அந்தச் சட்டம். மனிதரின் தாங்குதிறனை நடுவில் வைத்த இந்த வரையறை மிகச் சரியானது.

ஆனால் நிவாரணப் பணம் பட்டியலைப் பார்த்துத்தான் வருகிறது. புயல், வறட்சி, நிலநடுக்கம், தீ, வெள்ளம், சுனாமி, ஆலங்கட்டி மழை, நிலச்சரிவு, பனிச்சரிவு, மேகவெடிப்பு, பூச்சித் தாக்குதல், உறைபனியும் குளிர் அலையும் என 12 இனங்களை மத்திய அரசு வகுத்தது. குளிர் அலைக்கு இடமிருந்தது. வெப்ப அலைக்கு இல்லை. மின்னலுக்கும் இல்லை. பட்டியலை நீட்டச் சொல்லி மாநிலங்கள் கேட்டபோது, 15ஆவது நிதிக்குழு அதற்குப் பெரிய தேவை இல்லையென்று கருதியது.

2024இல் தமிழக அரசு வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது. உயிரிழந்தவரின் குடும்பத்துக்கு 4 லட்சம் ரூபாய். மனதார வரவேற்கிறேன். சிக்கல் அதற்குப் பிறகுதான். வெப்ப அலை என்று அறிவிக்கச் சமவெளியில் குறைந்தது 40 டிகிரி, கடலோரத்தில் 37 டிகிரி செல்சியஸ் வேண்டும். பொதுவாக, இயல்பைவிட 4.5 டிகிரியாவது கூடியிருக்கவும் வேண்டும். சென்னையின் புழுக்கம் இந்தக் கணக்கில் ஏறாது. காற்றில் ஈரம் மிகுந்தால் வியர்வை உலராது, உடல் சூடு இறங்காது. 36 டிகிரியிலும் சாலை போடுகிறவர் சுருண்டு விழலாம். இறப்புக்குக் காரணம் மாரடைப்பு என்று மட்டும் எழுதிவிட்டால், அந்த 4 லட்சத்தைக் கேட்க வழியில்லாமல் போகும். வெயிலில் விழுந்தவரை மருத்துவமனையில் சேர்த்த உடனே உடல் வெப்பநிலையை அளந்து குறித்துவைப்பதைக் கட்டாயமாக்க வேண்டும். கொத்தனார், சித்தாள், உப்பளத் தொழிலாளி ஆகியோரின் குடும்பங்கள் கையில் காட்ட வேறு ஆதாரம் இருக்காது.