மொறுமொறு சாக்லேட் பிஸ்கோட்டி: எங்கே சொதப்புது?

அரும்பாவூர் டீக்கடையில் ரஸ்க் கடித்தவர்களுக்கு இத்தாலியின் பிஸ்கோட்டி புதுசு இல்லை. இரண்டுமே ஒருமுறை வேகவைத்து, வெட்டி, மறுபடி ஓவனில் காயவைப்பவை. பிஸ்கோட்டி என்றாலே 'இருமுறை வெந்தது' என்றுதான் அர்த்தம்.

மைதா 200 கிராம், கோகோ 40, சர்க்கரை 150, பேக்கிங் பவுடர் 1 டீஸ்பூன், முட்டை 2. மாவு உதிர்ந்தால் கொஞ்சம் பால். வெண்ணெய் வேண்டாம். பாதாமுக்குப் பதில் அரியலூர் பக்கத்து முந்திரி போதும்.

நீளக் கட்டையாக உருட்டி 180 டிகிரியில் 25 நிமிடம். கால் மணி நேரம் ஆறவிட்டு, பிரெட் கத்தியால் சாய்வாக வெட்டுங்க. சூட்டோடு வெட்டினால் தூள்தான். பிறகு 150 டிகிரியில் பக்கத்துக்கு 10 நிமிடம்.

பலர் சொதப்புவது இங்கேதான். கோகோ நிறத்தில் கருகல் தெரியாது. எடுக்கும்போது நடுவில் லேசாக மெத்தென்றுதான் இருக்கும், ஆறினால்தான் மொறுமொறுப்பு வரும். அது தெரியாமல் இன்னும் ஐந்து நிமிடம் விட்டால் கசப்புதான் மிச்சம்.