படியெடுப்புத் தடுப்புடைய பழங்கணினி விளையாட்டுகளும் பிற நிறுவன நெகிழ்வட்டு இயக்கிகளும்: கமடோர் 64 கணினியை முன்வைத்து

ஆய்வுச் சுருக்கம்

கமடோர் 64 கணினிக்கென வெளிவந்த விளையாட்டுகள் பல, பிற நிறுவனங்கள் உருவாக்கிய நெகிழ்வட்டு இயக்கிகளில் ஏறுவதில்லை. அவற்றின் படியெடுப்புத் தடுப்பு, 1541 இயக்கியின் உள்ளமைப்பையே சார்ந்திருந்தமை இதற்குக் காரணம். ஆகவே, இவ்விளையாட்டுகளைப் பாதுகாக்க வட்டின் தரவு மட்டும் போதாது என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: நெகிழ்வட்டு, படியெடுப்புத் தடுப்பு, கமடோர் 64, 1541 இயக்கி, எண்ணிமப் பாதுகாப்பு

முன்னுரை

அமெரிக்காவின் கமடோர் நிறுவனம் 1982இல் கமடோர் 64 என்னும் வீட்டுக் கணினியை வெளியிட்டது. 5.25 அங்குல வட்டுகளைப் படிக்கும் 1541 இயக்கி அதனுடன் பயன்பட்டது. பின்னர்ப் பிற நிறுவனங்களும் இதற்கு இயக்கிகளை விற்றன. கோப்பை ஏற்றுதல், சேமித்தல் ஆகிய பொதுக் கட்டளைகளை அவை நிறைவேற்றின. ஆயினும், விலைகொடுத்து வாங்கிய மூல வட்டுகளுள் சில அவற்றில் இயங்கவில்லை. படியெடுப்பவரைத் தடுக்க எழுந்த முறை, உரிமையுடன் வாங்கியவரையும் தடுத்தது.

1541 இயக்கியின் அமைப்பு

1541 தன்னளவில் ஒரு கணினி ஆகும். அதனுள் 6502 செயலியும், 2 கிலோபைட் ராம் நினைவகமும், 16 கிலோபைட் ரோம் நினைவகமும் உள்ளன. வட்டின் 35 தடங்களில் மொத்தம் 683 பிரிவுகள் அமைகின்றன. வெளித்தடங்களில் 21 பிரிவுகளும் உள்தடங்களில் 17 பிரிவுகளும் இருப்பதால், பதிவு வேகம் நான்கு மண்டலங்களாக மாறுபடுகிறது. இவ்வேகத்தையும் காந்தத் தலையின் நகர்வையும் இயக்கியினுள் ஓடும் நிரலே ஆள்கிறது. கணினியிலிருந்து இயக்கியின் ராமுக்குப் புதிய நிரலை அனுப்பி அங்கேயே இயக்கவும் முடியும்.

தடுப்பு முறைகள்

தொடக்ககாலத் தடுப்புகள் எளியவை. ஒரு பிரிவின் சரிபார்ப்புத் தொகை வேண்டுமென்றே பிழையாகப் பதியப்பட்டது. விளையாட்டு அப்பிரிவைப் படிக்கும்போது 23ஆம் எண் பிழை வந்தால் மூல வட்டு, வராவிட்டால் நகல். சாதாரணப் படியெடுப்பு நிரல் தரவை எழுதுமே தவிரப் பிழையை எழுதாது. பின்வந்த முறைகள் அரைத்தடங்களையும், 35ஆம் தடத்திற்கு அப்பாற்பட்ட பகுதியையும், மண்டலத்திற்கு ஒவ்வாத பதிவு வேகத்தையும் பயன்படுத்தின. இவற்றைப் படிக்கும் நிரலை விளையாட்டே இயக்கியின் ராமில் ஏற்றியது.

பிற இயக்கிகள் தடுமாறும் காரணம்

ரோமில் பதிந்த நிரலுக்கும் பதிப்புரிமை உண்டு என ஆப்பிள் – பிராங்க்ளின் வழக்கில் 1983இல் அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. எனவே, ரோமை அப்படியே படியெடுப்பது சட்டச் சிக்கலுக்கு உரியதாயிற்று. தனியே எழுதப்பட்ட ரோம் ஒரே கட்டளைக்கு ஒரே விடையைத் தரலாம்; ஆனால், அதன் துணைநிரல்கள் வேறு முகவரிகளில் அமையும். 1541 ரோமின் குறிப்பிட்ட முகவரிக்குத் தாவும் தடுப்பு நிரல் அங்கு வேறொன்றைக் கண்டு நின்றுவிடும். செயலியோ உள்ளீட்டு வெளியீட்டுச் சில்லுகளின் அமைப்போ கால அளவோ மாறினாலும் விளைவு இதுவே.

ஏற்றும் வழிகள்

முதலாவதாக, அச்சுப்பொறியையும் இரண்டாவது இயக்கியையும் இணைப்பிலிருந்து நீக்க வேண்டும். விரைவேற்றி நிரல்கள் இணைப்புக் கம்பிகளை நேரடியாகக் கையாளுவதால் பிற கருவிகள் குறுக்கிடக்கூடும். இரண்டாவதாக, வட்டின் சுழற்சி நிமிடத்திற்கு 300 என்பதையும், காந்தத் தலை தடத்தின் நேரே நிற்பதையும் சரிபார்த்தல் வேண்டும். மூன்றாவதாக, ஜிஃபிடாஸ் போன்ற மாற்று ரோம் பொருத்தப்பட்டிருப்பின் மூல ரோமுக்கு மாற்றிப் பார்க்கலாம். உள்ளமைப்பே வேறான இயக்கிக்கு இவை எவையும் தீர்வாகா.

இக்காலக் கருவிகளிலும் இதே வேறுபாடு காணப்படுகிறது. எஸ்டி2ஐஇசி கட்டளைகளுக்கு விடை தருகிறதேயன்றி 6502 செயலியைப் போன்மிப்பதில்லை. ஆதலால் தடுப்புடைய விளையாட்டுகள் பல அதில் ஏறுவதில்லை. பை1541 இயக்கியின் செயலியையும் சில்லுகளையும் சுழற்சிக்குச் சுழற்சி போன்மிப்பதால் அவற்றுட் பலவற்றை ஏற்றுகிறது.

முடிவுரை

683 பிரிவுகளின் தரவை மட்டும் கொள்ளும் டி64 கோப்பு 1,74,848 பைட் அளவினது. தடுப்பின் நுட்பமான கூறுகள் அதில் இடம்பெறுவதில்லை. தடத்தின் பிட் வரிசையைப் பதியும் ஜி64 போன்ற வடிவமும், 1541இன் நடத்தையை முழுமையாகப் போன்மிக்கும் கருவியும் ஒருங்கே தேவைப்படுகின்றன. இவ்வகை விளையாட்டுகளில் இயக்கியும் படைப்பின் ஒரு பகுதி என்பதை ஆவணக் காப்பகங்கள் கருத்திற்கொள்ள வேண்டும்.