கொசுவத்தியில் நம்பர் இருக்கா? பார்த்து வாங்குங்க!

சென்னை நகரில் பொழுது சாய்ந்தால் போதும். கூவம் கரைக் குடிசை முதல் அண்ணாநகர் மாடி வீடு வரை கொசு ராஜ்ஜியம்தான்! சுருள், திரவ மருந்து, ஊதுபத்தி என்று வீட்டுக்கு வீடு யுத்தம் நடக்கிறது. சன்னலைச் சாத்திக்கொண்டு ராத்திரி முழுக்க அந்தப் புகையைச் சுவாசிக்கிறோமே, அதில் இருப்பது என்ன?

பூச்சி மருந்துதான்! வயலில் தெளிக்கும் மருந்துக்கு என்ன சட்டமோ, அதே சட்டம்தான் இதற்கும்.

நூறு உயிர் பலி

அந்தச் சட்டம் சும்மா வந்துவிடவில்லை. 1958-ல் கேரளத்தில் கோதுமை மாவுப் பண்டம் சாப்பிட்டவர்கள் சுருண்டு விழுந்தார்கள். நூற்றுக்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். விசாரித்தபோது திடுக்கிடும் தகவல் வெளியானது. உணவுப் பொருள் வந்த அதே கப்பலில் பாரத்தியான் என்ற கொடிய பூச்சி மருந்தும் வந்திருக்கிறது! நம்ம ஊரில் 'பாலிடால்' என்றால் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். அதேதான். அது கசிந்து உணவில் கலந்துவிட்டது.

நீதிபதி ஜே.சி.ஷா தலைமையில் விசாரணை நடந்தது. 1968-ல் பூச்சிமருந்துச் சட்டம் பிறந்தது.

பரிதாபாத் பரீட்சை

இந்தச் சட்டப்படி, எந்தக் கம்பெனியானாலும் மத்திய அரசின் பதிவுக் குழு முன் பரீட்சை எழுதியாக வேண்டும். குழுவின் அலுவலகம் டெல்லியை அடுத்த பரிதாபாத்தில் இருக்கிறது. மருந்தில் என்ன சரக்கு? பூச்சி சாகுமா? மனுஷனுக்கும் மாடு கன்னுக்கும் என்ன ஆகும்? எல்லாவற்றுக்கும் சோதனை முடிவு காட்ட வேண்டும். தேறினால்தான் பதிவு எண். எண் இல்லாத சரக்கைத் தயாரிப்பதும் குற்றம், கடையில் வைத்து விற்பதும் குற்றம்.

டப்பா மேல் வர்ணக் கட்டம் ஒன்றும் இருக்கும். சிவப்பு என்றால் கடும் விஷம். அடுத்து மஞ்சள், நீலம். பச்சை என்றால் விஷம் குறைவு. குறைவுதான், இல்லவே இல்லை என்று அர்த்தமல்ல!

மூலிகை மாயம்

வில்லங்கம் எங்கே என்றால், பதிவே செய்யாத கொசு ஊதுபத்திகளில். சாமி படத்துக்கு ஏற்றும் பத்தி மாதிரியே இருக்கும். விலையும் மலிவு.

"மூலிகைன்னு போட்டிருக்கே, ஒண்ணும் ஆகாதுங்க" என்பார் கடைக்காரர். "ஒரு குச்சி கொளுத்தினா கொசு பொத்துப் பொத்துன்னு விழுதே" என்பார் வாங்குகிறவர். அங்கேதான் யோசிக்க வேண்டும். விழ வைப்பது மூலிகையா, சோதனைக்கே போகாத ரசாயனமா? அட்டையில் அந்த விவரம் இருக்காது. பக்கத்தில் படுத்திருப்பதோ கைக்குழந்தை!

பதிவு பெற்ற மருந்தையும் அட்டையில் சொன்னபடிதான் உபயோகிக்க வேண்டும். காற்று வர வழி விடுங்கள். திரவ மருந்துப் புட்டியைப் பிள்ளைகள் கைக்கு எட்டாமல் வையுங்கள்.

வாங்கும்போது அட்டையைத் திருப்பிப் பாருங்கள். 'சி.ஐ.ஆர்.' என்று பதிவு எண் இருக்கிறதா? மருந்தின் பெயர், காலாவதி தேதி இருக்கிறதா? இல்லையென்றால் கூச்சப்படாமல் கடைக்காரரிடமே திருப்பிக் கொடுத்துவிடுங்கள்!