செட்டிநாட்டு வீட்டு முகப்பும் மெருகோடுகளும்

காரைக்குடி, கானாடுகாத்தான், ஆத்தங்குடி முதலிய ஊர்களிலுள்ள நகரத்தார் வீடுகளின் ஒப்பனை ஓடுகள் யாவும் பொதுவாக 'ஆத்தங்குடிக் கல்' என்றே சுட்டப்பெறுகின்றன. இவ்வழக்கு, செய்முறையாலும் பிறப்பிடத்தாலும் வேறுபட்ட இருவகைப் பொருள்களை ஒன்றாக்கிவிடுகிறது.

தரையில் பாவப்பெறும் ஆத்தங்குடிப் பூக்கல் சூளையில் சுடப்படுவதன்று. கண்ணாடிப் பலகைமேல் உலோக அச்சினை வைத்து, அதன் அறைகளில் வண்ணச் சிமெண்டுக் குழம்பை ஊற்றி, மணலும் சிமெண்டும் கொண்டு நிரப்பி, நீரில் ஊறவைத்து இது உருவாக்கப்படுகிறது. கண்ணாடியின் வழவழப்பே கல்லின் பளபளப்பாகிறது. சுவரில் பதிக்கப்பெறும் மெருகோடோ, களிமண் தூளை அச்சில் அழுத்தி, மெருகுப்பூச்சிட்டுச் சூளையில் சுட்டெடுக்கப்படுவது. இத்தூளழுத்த முறைக்கு 1840இல் இங்கிலாந்தில் ரிச்சர்டு புராசர் காப்புரிமை பெற்றார். 20ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் ஜப்பானிய ஆலைகள் ஆங்கிலேய ஓடுகளைப் பின்பற்றி உற்பத்தி செய்து இந்தியாவிற்கு ஏற்றுமதி செய்தன. இந்தியச் சந்தைக்கென்றே இந்துக் கடவுளர் உருவங்களையும் வார்த்தன.

இவ்வோடுகள் பதிக்கப்பெற்ற இடமும் கருதத்தக்கது. சிங்கப்பூர்ப் பெட்டெயின் சாலையில் 1930இல் கட்டப்பெற்ற 18 ஈரடுக்கு வரிசை வீடுகளில் தூண்களும் முன்சுவரும் ஓடு போர்த்தித் தெருவை நோக்குகின்றன. செட்டிநாட்டிலோ தெருவை நோக்கும் மேற்பகுதியில் சுதைவேலையே மேலோங்க, மெருகோடு பெரும்பாலும் திண்ணைச் சுவரின் கீழ்ப்பகுதியிலும் வளவுச் சுவரிலும் இடம்பெறுகிறது. இங்கு 'முகப்பு' என்பது வெளிச்சுவரை மட்டும் குறிப்பதன்று. வளவுக்கு முன்னுள்ள, திண்ணையோடு கூடிய கட்டினையே குறிக்கும். ஆகவே, ஓட்டின் அழகு வழிப்போக்கனைவிடத் திண்ணையில் அமரும் விருந்தினனையே முன்னிறுத்துகிறது எனலாம். சாய்ந்தமர்வோரின் எண்ணெய்க்கறை சுவரில் படியாமல் துடைத்தெடுக்க உதவுவது அதன் பயன்.

செட்டிநாட்டு ஊர்த்தொகுதிகள் 2014இல் யுனெஸ்கோவின் தற்காலிகப் பட்டியலில் இடம்பெற்றன. எனினும், வீடுகள் பிரிக்கப்பட்டு அவற்றின் உறுப்புகள் பழம்பொருளாக விற்கப்படுவதுண்டு. பெயர்த்த ஓட்டின் பின்புற முத்திரை அதனைச் செய்த நாட்டையும் ஆலையையும் அறிவிக்கக்கூடும்; எந்த வீட்டில், எச்சுவரில், எவ்வரிசையில் இருந்தது என்பதை அறிவிக்காது. ஆதலின் சுவர் பிரிக்கப்படுமுன் ஓடுகளின் இடத்தையும் வரிசையையும், பெயர்க்கும்போது முத்திரையையும் பதிவு செய்தல் வேண்டும். அப்பதிவே கடல்வணிக வரலாற்றையும் மனையியல் வழக்கையும் இணைத்தறியத் துணைசெய்யும் சான்றாகும்.