பலூன் வீசிப் பயிரான தோட்டம்

பலூனுக்குள் என்ன இருக்கும்? காற்றுதான் இருக்கும். ஆனால் நியூயார்க் நகரில் சிலர் அதற்குள் விதையையும் உரத்தையும் நீரையும் அடைத்தார்கள். வேலி போட்ட குப்பை மனைகளுக்குள் வீசினார்கள். பலூன் உடைந்தது. விதை மண்ணில் விழுந்தது.

இது நடந்தது 1973-ம் ஆண்டில்.

கைவிட்ட வீடுகள்

அவ்வளவு பெரிய நகரத்தில் குப்பை மனை ஏது என்று கேட்பீர்கள். நியூயார்க்குக்கு அது கெட்ட காலம். ஆலைகள் வெளியேறின. வேலை போயிற்று. ஏழைகள் குடியிருந்த பகுதிகளில் வீட்டுக்காரர்கள் வரி கட்டாமல் வீடுகளைக் கைவிட்டார்கள். பல வீடுகள் தீக்கிரையாயின. பல இடிக்கப்பட்டன. மனைகள் நகர நிர்வாகத்தின் கைக்கு வந்தன. அங்கே உடைந்த செங்கல்லும் குப்பையும்தான் கிடந்தன.

பவரி தெருவும் ஹவுஸ்டன் தெருவும் சேரும் மூலையிலும் இப்படி ஒரு மனை. லிஸ் கிறிஸ்டி என்ற பெண் ஓவியர் அதைப் பார்த்தார். நண்பர்களைச் சேர்த்தார். 'பச்சைக் கொரில்லாக்கள்' என்று தங்களுக்குப் பெயர் வைத்துக்கொண்டார்கள். (மனிதக் குரங்கு அல்ல, மறைந்து தாக்கும் கொரில்லாப் படை!) குப்பையை அள்ளினார்கள். நல்ல மண் கொட்டினார்கள். 60 காய்கறிப் பாத்திகள் எழுந்தன.

1974-ல் நகர நிர்வாகம் அனுமதி தந்தது. வாடகை எவ்வளவு தெரியுமா? மாதம் 1 டாலர்!

ஆடு புலி ஆட்டம் இல்லை, டோமினோ

அதைப் பார்த்து மற்றத் தெருக்காரர்களும் மண்வெட்டியைத் தூக்கினார்கள். போர்ட்டோ ரிக்கோ தீவிலிருந்து வந்து குடியேறியவர்கள் தோட்டத்துக்குள் சின்ன மர வீடு கட்டினார்கள். தங்கள் ஊர் வீட்டைப் போலவே கட்டி, வர்ணம் பூசினார்கள். மாலையில் பெரியவர்கள் அங்கே டோமினோ ஆடினார்கள். மேளம் கொட்டிப் பாடினார்கள். ஒரே மாடியில் பல ஆண்டு குடியிருந்தும் பேசாதவர்கள், பாத்திக்கு நீர் ஊற்றும்போது பேசிக்கொண்டார்கள். நம் ஊர்த் திண்ணை செய்த வேலையை அங்கே தோட்டம் செய்தது.

1978-ல் நகர நிர்வாகம் 'கிரீன் தம்ப்' என்ற திட்டத்தைத் தொடங்கித் தோட்டக்காரர்களுக்கு உதவியது. ஆனால் நிலம் மக்களுடையது அல்ல. அங்கேதான் வந்தது வினை.

வந்தது ஏலம்

தோட்டம் வந்ததும் தெரு அழகாயிற்று. தெரு அழகானதும் மனை விலை ஏறிற்று. விலை ஏறியதும் விற்கும் ஆசை வந்தது! 1999-ல் 114 தோட்டங்களை ஏலம் விட மேயர் ஜூலியானியின் நிர்வாகம் நாள் குறித்தது. வீடு கட்ட நிலம் வேண்டும் என்பது அவர்கள் வாதம். நகரில் வீட்டுப் பஞ்சம் இருந்தது உண்மைதான். ஆனால் குப்பை அள்ளியவர்களை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.

மக்கள் சும்மா இருக்கவில்லை. பூவைப் போலவும் காய்கறியைப் போலவும் வேடமிட்டு ஊர்வலம் போனார்கள். முந்திய ஆண்டு, 1998-ல், ஒரு ஏல மண்டபத்துக்குள் ஆயிரக்கணக்கான சுவர்க்கோழிப் பூச்சிகளை அவிழ்த்துவிட்டார்கள். ஏலம் கேட்க வந்தவர்கள் எழுந்து ஓடினார்கள்!

1999 ஏலத்துக்கு முன்பே இரண்டு அமைப்புகள் முன்வந்தன. ஒன்று, நடிகையும் பாடகியுமான பெட் மிட்லர் தொடங்கியது. அது 51 தோட்டங்களையும், மற்றொன்று 63 தோட்டங்களையும் வாங்கின. மொத்தம் 42 லட்சம் டாலர். ஏலம் நின்றது.

எல்லாத் தோட்டமும் பிழைக்கவில்லை. கிழக்கு 7-வது தெருவில் 'எஸ்பரான்சா' என்ற தோட்டம் இருந்தது. ஸ்பானிய மொழியில் 'நம்பிக்கை' என்று பொருள். மக்கள் பெரிய தவளை உருவம் செய்து, அதற்குள் இரவு பகலாகக் காவல் இருந்தார்கள். 2000 பிப்ரவரியில் போலீசார் வந்தார்கள். காவல் இருந்தவர்களைக் கைது செய்தார்கள். புல்டோசர் உள்ளே புகுந்தது. தோட்டங்களை அழிக்கக் கூடாது என்று நீதிமன்றம் தடை விதித்ததும் அதே நாள்தான். ஆனால் எஸ்பரான்சா அதற்குள் தரைமட்டமாகிவிட்டது.

2002-ல் சமரசம் ஏற்பட்டது. சில இடங்கள் வீடு கட்டப் போயின. பல நூறு தோட்டங்கள் தப்பின. இன்று அத்திட்டத்தில் 550-க்கு மேற்பட்ட தோட்டங்கள் உள்ளன.

லிஸ் கிறிஸ்டி 1985-ல் காலமானார். மறு ஆண்டு அந்த மூலைத் தோட்டத்துக்கு அவர் பெயரைச் சூட்டினார்கள். இன்றும் அக்கம்பக்கத்தாரே அதைப் பராமரிக்கிறார்கள். பழமரங்கள் இருக்கின்றன. குளத்தில் மீன்கள் நீந்துகின்றன. வெயில் நாளில் ஆமைகள் கரையேறிப் படுத்திருக்கின்றன.