மாநாட்டிற்கு மதுரை வருவோர்க்குச் சில வழித்துணைக் குறிப்புகள்

மதுரைக்கு மாநாடும் கருத்தரங்கும் புதியன அல்ல. சங்கம் வைத்துத் தமிழ் வளர்த்த ஊர் என்று நூல்கள் போற்றும் இந்நகரில் 1901ஆம் ஆண்டு பாண்டித்துரைத் தேவர் நான்காம் தமிழ்ச் சங்கத்தை நிறுவினார். 1981ஆம் ஆண்டு ஐந்தாம் உலகத் தமிழ் மாநாடும் இங்கேயே நிகழ்ந்தது. இன்றும் ஆசிரியர், மருத்துவர், வணிகர், சமய அன்பர் எனப் பல துறையினர் ஆண்டுதோறும் இங்கே வந்து கூடுகின்றனர். அவ்வாறு இரண்டு நாள், மூன்று நாள் தங்கிச் செல்வோர் திருக்கோயில் வழிபாட்டையும் நகர்க்காட்சியையும் எவ்வாறு அமைத்துக்கொள்ளலாம் என்பதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

யான் செய்த பிழை

இதனை எழுதத் தூண்டியது என் வாழ்வில் நேர்ந்த ஒரு பிழையே. நாற்பது ஆண்டுகளுக்கு முன் என் தமிழாசானுடன் ஓர் ஆய்வு மாநாட்டிற்காக மதுரை வந்திருந்தேன். அவருக்கு அப்போது எழுபது வயது கடந்திருந்தது. முதல்நாள் விடியற்காலையிலேயே, "அம்மையைத் தொழுதுவிட்டு அவைக்குச் செல்வோமா?" என்று கேட்டார். "மாநாடு முடியட்டும் ஐயா, கடைசி நாளில் அமைதியாகச் சென்று தொழலாம்" என்றேன். கடைசி நாள் அமர்வு நண்பகலைக் கடந்து நீண்டது. விரைந்து சென்றபோது நடை சாத்தியிருந்தது. மீண்டும் திறப்பது மாலை நான்கு மணிக்கு. எங்கள் இரயிலோ இரண்டரை மணிக்கு. ஆசான் ஒன்றும் சொல்லவில்லை. கீழைக் கோபுரத்தை நோக்கிக் கைகூப்பி நெடுநேரம் நின்றார். அதன்பின் மதுரைக்கு வரும் வாய்ப்பு அவர்க்கு வாய்க்கவில்லை. அவர் நின்ற அந்நிலை இன்றும் என் கண்முன் நிற்கிறது. அத்தகைய ஏமாற்றம் வேறெவர்க்கும் நேராதிருக்க வேண்டும்.

நேரத்தை அறிந்து செல்க

மீனாட்சி சுந்தரேசுவரர் திருக்கோயில் பொதுவாகக் காலை 5 மணிக்குத் திறக்கப்பெற்று நண்பகல் 12.30 மணி அளவில் நடை சாத்தப்பெறும். மீண்டும் மாலை 4 மணிக்குத் திறந்து இரவு 10 மணி அளவில் திருக்காப்பிடுவர். திருவிழா நாட்களில் இது மாறும். மாநாட்டில் உணவு இடைவேளை பெரும்பாலும் ஒரு மணி முதல் இரண்டு மணி வரை அமைகிறது. அதாவது, அவையினர்க்கு ஓய்வு கிடைக்கும் அந்நேரத்தில்தான் கோயில் நடை சாத்தியிருக்கும். ஆதலால் இடைவேளையை நம்பாதீர்கள். முதல்நாள் விடியற்காலையையே வழிபாட்டிற்கு உரியதாக்கிக்கொள்ளுங்கள். ஐந்தரை மணிக்குள் உள்ளே சென்றால், ஏழரை மணிக்குள் நிறைவாக வழிபட்டு, சிற்றுண்டி அருந்தி அவைக்குச் சென்றுவிடலாம்.

இரவு வழிபாடும் இவ்வூர்க்குச் சிறப்பானது. பள்ளியறைப் பூசையின்போது சொக்கநாதப் பெருமானின் திருவடிகள் பல்லக்கில் எழுந்தருளி அம்மையின் பள்ளியறைக்குச் செல்லும். அவை கலைந்த பின்னும் இதனைக் காணப் பொழுது இருக்கும். ஒன்பது மணிக்குள் சென்று காத்திருத்தல் நலம்.

கோயிலுக்குள் கவனிக்க வேண்டியவை

இங்கு அம்மையை முதலில் வணங்கிப் பின்னரே சுவாமி சந்நிதிக்குச் செல்வது மரபு. எனவே கிழக்கே அட்டசக்தி மண்டபத்தின் வழியாக நுழைவது முறை. பொற்றாமரைக் குளத்தின் படிகளில் சிறிது அமர்ந்து, அம்மையைத் தரிசித்து, முக்குறுணிப் பிள்ளையாரை வணங்கிச் சுவாமி சந்நிதியை அடையலாம். அங்கே வெள்ளியம்பலத்தில் கூத்தப்பெருமான் வலக்காலைத் தூக்கி ஆடும் திருக்கோலத்தைக் காணத் தவறாதீர்கள். மற்றத் தலங்களில் இடக்காலைத் தூக்கி ஆடும் பெருமான், பாண்டியனின் வேண்டுகோளுக்கு இரங்கி இங்குக் கால் மாறி ஆடினார் என்பது திருவிளையாடல் வரலாறு. ஆயிரங்கால் மண்டபத்தின் சிற்பங்களுக்கு ஒரு மணி நேரமாவது ஒதுக்க வேண்டும். அதனை இரண்டாம் நாளுக்கு வைத்துக்கொள்ளலாம்.

2018ஆம் ஆண்டு பிப்ரவரியில் வீரவசந்தராயர் மண்டபத்தில் தீவிபத்து நேர்ந்தது. அதன்பின் அவ்வாண்டு மார்ச்சு முதல் கோயிலுக்குள் கைப்பேசி கொண்டு செல்ல இசைவு இல்லை. விடுதி அறையிலேயே அதனை வைத்துவிட்டு வருவது எளிது. கொண்டுவந்தால் காப்பறையில் ஒப்படைத்துச் சீட்டுப் பெற வேண்டும். மாநாட்டுப் பையும் அவ்வாறே. கைப்பேசி கையில் இல்லாத நிலையில் உடன்வந்தோர் பிரிய நேர்ந்தால் அழைக்க இயலாது. ஆகையால் எந்தக் கோபுர வாயிலில், எத்தனை மணிக்குக் கூடுவது என்பதை முன்னரே பேசிக்கொள்க. நான்கு புறமும் கோபுர வாயில்கள் ஒன்றுபோலத் தோன்றுவதால், காலணி விட்ட வாயிலை மறந்து சுற்றி வருவோர் பலர். நண்பகலில் கல்தரை சுடும். முதியோர் காலையில் செல்வதே நன்று.

ஊரமைப்பும் போக்குவரத்தும்

கோயிலை நடுவாகக் கொண்டு வீதிகள் ஒன்றையொன்று சூழ அமைந்த ஊர் இது. மதிலுக்குள் ஆடி வீதி. வெளியே வரிசையாகச் சித்திரை வீதி, ஆவணி மூல வீதி, மாசி வீதி, வெளி வீதி. இம்முறையை நினைவில் வைத்தால் வழி தவறாது. இரயில் நிலையம் மேல வெளி வீதியில் உள்ளது. அங்கிருந்து கிழக்கு நோக்கி ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர் நடந்தால் கோயில். சென்னை, திருச்சி, தஞ்சை, நெல்லைப் பேருந்துகள் மாட்டுத்தாவணியிலும், கோவை, பழநி, தேனி, திண்டுக்கல் பேருந்துகள் ஆரப்பாளையத்திலும் நிற்கும். இரண்டும் வேறு வேறு திசைகள். திரும்பும் நாளில் மாறிச் சென்றால் வண்டி தவறும். ஆட்டோவில் ஏறுமுன் கட்டணத்தைப் பேசிக்கொள்வது நல்லது. சித்திரைத் திருவிழா நாட்களில் விடுதி கிடைப்பது அரிது. மாநாட்டைக் கூட்டுவோர் இதனை எண்ணி நாள் குறிக்க வேண்டும்.

எஞ்சிய பொழுதில்

ஒரு மணி நேரம் கிடைத்தால் பெரியார் பேருந்து நிலையத்தின் அருகிலுள்ள கூடலழகர் கோயிலுக்குச் செல்லலாம். இருந்தும் நின்றும் கிடந்தும் மூன்று கோலங்களில் பெருமாளை ஒரே விமானத்தில் சேவிக்கும் பேறு அங்குண்டு. நண்பகலில் கோயில்கள் நடை சாத்தியிருக்கும்போது, 1636ஆம் ஆண்டைச் சேர்ந்த திருமலை நாயக்கர் மகாலைக் காணலாம்.

அரைநாள் கிடைத்தால் தென்மேற்கே எட்டுக் கிலோமீட்டர் தொலைவிலுள்ள திருப்பரங்குன்றம். மலையைக் குடைந்த கருவறையாதலால் மூலவர்க்கு முழுக்காட்டு இல்லை. வேலுக்கே முழுக்காட்டு நிகழும். முழுநாள் கிடைத்தால் வடக்கே அழகர்கோயிலும், அதன் மலைமேல் பழமுதிர்சோலையும் செல்க. இருட்டுமுன் மலையிலிருந்து இறங்கிவிட வேண்டும். அங்கே குரங்குகள் மிகுதி, கைப்பையைக் காத்துக்கொள்க. தமிழாய்வில் நாட்டமுள்ளோர் 2023ஆம் ஆண்டு திறக்கப்பெற்ற கீழடி அருங்காட்சியகத்தையும் கண்டு செல்லலாம்.

வீட்டாருக்கு வாங்கிச் செல்லத் தாழம்பூக் குங்குமமும் சுங்குடிச் சேலையும் உண்டு. மல்லிகையை வண்டி ஏறும் முன் வாங்குக. காலையில் வாங்கினால் அவையிலேயே வாடிவிடும்.

இவற்றுள் எதனையும் பொழுதில்லையேல் விட்டுவிடலாம். இன்னொரு முறை வரும்போது கண்டுகொள்ளலாம். அம்மையின் தரிசனத்தை மட்டும் கடைசி நாளுக்குத் தள்ளாதீர்கள். உடன் முதியோர் வந்திருந்தால், அவர்கள் கேட்கும் முன்னரே அழைத்துச் செல்லுங்கள். அங்கயற்கண்ணியின் அருளால் உங்கள் மாநாடும் பயணமும் இனிது நிறைவுறுக!